ஆப்டிகலா, ஹெச்டிஎம்ஐயா, மூணு ஒயரா, ஹெட்ஃபோனா: கேம்ல சரவுண்ட் வரலன்னா எந்த வழிக்கு மாறலாம்

படம் போட்டா பின்னாடி ஸ்பீக்கர் எல்லாம் அருமையா கேக்குது, கேம் போட்டா மட்டும் முன்னாடி ரெண்டுல தான் சத்தம் வருது. கம்ப்யூட்டர்ல 5.1, அதாவது அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் செட் பண்றவங்க திரும்பத் திரும்ப கேக்கிற கேள்வி இது. அதுக்கு வர்ற பதிலும் ஒரே மாதிரி தான் இருக்கும், டிரைவரை தூக்கிட்டு மறுபடி போடுங்க, இல்லன்னா நல்ல சவுண்ட் கார்டா ஒண்ணு வாங்குங்க. ரெண்டுமே பல நேரம் தேவைப்படாது. கேம் உள்ள ஆறு சேனலா, அதாவது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியா கிளம்புற சத்தம் காதுக்கு வர்ற வழியில எங்கேயோ ஒரு இடத்துல ரெண்டா சுருங்குது, அந்த இடத்தை பிடிச்சிட்டா எந்த வழிக்கு மாறணும், இல்ல இருக்கிறதையே சரி பண்ணா போதுமான்னு தானா தெரிஞ்சிடும்.

அதனால வழிகளை ஒப்பிடறதுக்கு முன்னாடி எங்க சுருங்குதுன்னு பாத்துடலாம். கேம் ஆரம்பிக்கும்போது விண்டோஸ்கிட்ட "எத்தனை ஸ்பீக்கர் இருக்கு"ன்னு கேக்கும், விண்டோஸ் ரெண்டுன்னு சொன்னா கேம் ரெண்டு சேனலுக்கு தான் மிக்ஸ் பண்ணி அனுப்பும், அதுக்கப்புறம் கேம் மெனுல போயி 5.1, 7.1, ஹோம் தியேட்டர்னு எதை மாத்தினாலும் பெருசா பிரயோஜனம் இருக்காது. பல கேம் இந்த கேள்விய ஆரம்பிக்கும்போது ஒரு தடவை தான் கேக்கும், அதனால விண்டோஸ்ல எதை மாத்தினாலும் கேமை முழுசா மூடிட்டு திறந்து பாருங்க, ஆல்ட் டேப் போட்டு மாத்திட்டு "ஒண்ணும் ஆகல"ன்னு விட்டுடாதீங்க.

விண்டோஸ் செட்டிங்ஸ்ல சவுண்ட் பக்கத்துக்கு போயி கீழ மோர் சவுண்ட் செட்டிங்ஸ்னு இருக்கிறத திறங்க, பழைய சின்ன விண்டோ வரும். அதுல உங்க டிவைஸை செலக்ட் பண்ணி கான்ஃபிகர் கொடுத்தா ஸ்பீக்கர் படம் வரும், ஒவ்வொண்ணா க்ளிக் பண்ணி சரியான மூலைல இருந்து சத்தம் வருதான்னு பாருங்க. இங்க ஆறும் தனித்தனியா வந்துட்டா ஒயர்ல குறை இல்ல, பிரச்சனை கேம் பக்கம் தான். இங்கேயே வரலன்னா கேம் மேல தப்பு இல்ல.

ரிசீவர் (சத்தத்தை வாங்கி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிரிச்சு கொடுக்கிற பெட்டி) வச்சிருந்தா அதோட டிஸ்ப்ளேவ கட்டாயம் பாருங்க, அது பொய் சொல்லாது. மல்டி சேனல் பிசிஎம்னோ (கம்ப்ரெஸ் பண்ணி சுருக்காத சத்தம்) டால்பி டிஜிட்டல்னோ (கம்ப்ரெஸ் பண்ணி சுருக்கினது) காட்டினா ஆறு சேனல் வந்து சேருதுன்னு அர்த்தம். ப்ரோ லாஜிக், டால்பி சரவுண்ட், ஆல் சேனல் ஸ்டீரியோன்னு காட்டினா வர்றது வெறும் ரெண்டு சேனல், ரிசீவர் தானா யூகிச்சு பின்னாடிக்கும் பரப்பி விடுது. நிறைய பேர் ஏமாறுறது இங்க தான், எல்லா ஸ்பீக்கர்லயும் சத்தம் வருதே, அப்போ சரவுண்ட் தானேன்னு நினைச்சிட்டு மாசக்கணக்கா ஸ்டீரியோவ கேட்டுட்டு இருப்பாங்க. பின்னாடி வர்ற எதிரி முன்னாடியும் பின்னாடியும் சேந்தே கேப்பான், எங்க இருக்கான்னு தெரியாது. சில சவுண்ட் டிரைவர்லயும் ஸ்பீக்கர் ஃபில்னு ஒரு ஆப்ஷன் இதே வேலைய பண்ணும், டெஸ்ட் பண்ற நேரத்துல அதை ஆஃப் பண்ணி வைங்க.

ஆப்டிகல் கேபிள்

மேல சொன்ன "படம் வருது, கேம் வரல" கேஸ்ல முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஆப்டிகலை தான். அந்த கேபிள்ல சுருக்காத பிசிஎம் போகணும்னா ரெண்டு சேனலுக்கு தான் இடம் இருக்கு. 5.1 போகணும்னா அதை டால்பி டிஜிட்டலாவோ டிடிஎஸ்ஸாவோ சுருக்கி தான் அனுப்பணும். படத்துல இந்த சுருக்கின சத்தம் ஃபைல்லயே ரெடியா இருக்கு, கம்ப்யூட்டர் அதை பிரிக்காம அப்படியே ரிசீவருக்கு தள்ளி விடுது. கேம்ல அந்த மாதிரி ரெடிமேட் சத்தம் கிடையாது, நீங்க திரும்புற பக்கத்தை பொறுத்து அந்த நொடில தான் உருவாகுது, 16 பிட் 48 கிலோஹெர்ட்ஸ்ல ஆறு சேனல்னா செகண்டுக்கு சுமார் 4.6 மெகாபிட் வரும், அதை யாராவது உடனுக்குடன் 640 கிலோபிட்டுக்குள்ள சுருக்கி கொடுக்கணும். அந்த வேலைய பண்றது தான் டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் பக்கம் டிடிஎஸ் கனெக்ட். அது உங்க மதர்போர்டு டிரைவர்லயோ சவுண்ட் கார்டுலயோ இருந்தா தான் ஆப்டிகல்ல கேம் 5.1 வரும்.

இதுல ஒரு பெரிய குழப்பம் இருக்கு. டிஜிட்டல் அவுட்புட் ப்ராப்பர்ட்டீஸ்ல சப்போர்ட்டட் ஃபார்மட்ஸ்னு ஒரு டேப் இருக்கும், அங்க டால்பி டிஜிட்டலுக்கு டெஸ்ட் அமுக்கினா எல்லா ஸ்பீக்கர்லயும் சத்தம் வரும், உடனே "டெஸ்ட்ல வருது கேம்ல வரலயே"ன்னு குழம்புவாங்க. அந்த டெஸ்ட் பாக்கிறது உங்க ரிசீவர் டால்பிய பிரிக்குமாங்கிறதை மட்டும் தான், உங்க கம்ப்யூட்டர் டால்பியா சுருக்குமான்னு அது சொல்லாது. பாக்க வேண்டியது அட்வான்ஸ்ட் டேப்ல இருக்கிற டீஃபால்ட் ஃபார்மட் லிஸ்ட், அதுல டால்பி டிஜிட்டல் லைவ்னு ஒரு வரி இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், செலக்ட் பண்ணிட்டு கேம் போடுங்க, ரிசீவர்ல டால்பி டிஜிட்டல்னு வந்துடும். இல்லன்னா கான்ஃபிகர் பட்டன் கூட சாம்பல் கலர்ல தான் இருக்கும், அமுக்கவே முடியாது.

அந்த வரி இல்லாதவங்க அடுத்து தேடுறது யாரோ மாத்தி எழுதின டிரைவர். அதுக்கு சில நேரம் விண்டோஸ்ல டிரைவர் சிக்னேச்சர் சோதனைய (டிரைவர் நம்பகமானதான்னு பாக்கிறத) நிறுத்தி வைக்கணும், அப்படி நிறுத்தின சிஸ்டம்ல ஆன்டி சீட் (ஏமாத்தி ஆடறத தடுக்கிற சாஃப்ட்வேர்) இருக்கிற ஆன்லைன் கேம் பலதும் திறக்காது, பாதுகாப்பும் குறையும். நான் இதை யாருக்கும் சொல்ல மாட்டேன். டால்பி டிஜிட்டல் லைவ் உள்ள ஒரு கார்டு வாங்குறது நேர்மையான வழி, சவுண்ட் பிளாஸ்டர் வரிசைல சில மாடல்ல இருக்கு, பெட்டில பேர் போட்டிருக்கான்னு பாத்து தான் வாங்கணும், ஏன்னா ஆப்டிகல் ஓட்டை இருக்கிற கார்டுல எல்லாம் இந்த என்கோடர் (சுருக்கி கொடுக்கிற வசதி) இருக்காது.

டிலேயும் யோசிக்கணும். டால்பி டிஜிட்டல் சத்தத்தை 1536 சாம்பிள் கொண்ட கட்டு கட்டா தான் சுருக்கும், 48 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு கட்டுன்னா 32 மில்லிசெகண்ட், அந்த கட்டு நிரம்புற வரைக்கும் காத்திருந்து தான் அனுப்ப முடியும், அப்புறம் ரிசீவர் அதை பிரிக்கிற நேரம் வேற. கதை கேம், ரேஸ் கேம்ல இது தெரியாது. துப்பாக்கி கேம்ல ட்ரிக்கர் அமுக்கின பிறகு சத்தம் கொஞ்சம் பின்தங்கி வர்ற மாதிரி சிலருக்கு உறுத்தும்.

ஹெச்டிஎம்ஐ

ரிசீவர்ல ஹெச்டிஎம்ஐ இருந்தா என் ஓட்டு இதுக்கு தான். முதல் வெர்ஷன்ல இருந்தே எட்டு சேனல் வரைக்கும் சுருக்காத பிசிஎம் எடுத்துட்டு போற திறமை இதுக்கு இருக்கு, அதனால என்கோடர் வேண்டாம், சவுண்ட் கார்டு வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டே சத்தத்தையும் அனுப்பிடும். டால்பி அக்சஸ் ஆப் போட்டா ஹோம் தியேட்டருக்கான அட்மாஸும் ஹெச்டிஎம்ஐ வழியா காசு இல்லாமலே வரும், அட்மாஸ் சப்போர்ட் பண்ற கேம்ல தலைக்கு மேல போற ஹெலிகாப்டர் மேலேயே கேக்கும், அதுக்கு அட்மாஸ் ரிசீவரும் மேல ஸ்பீக்கரும் இருக்கணும்.

ஆனா ஹெச்டிஎம்ஐல சத்தம் ரெண்டு சேனலா சுருங்குறதுக்கு ஒரு தனி காரணம் இருக்கு, நடுவுல நிக்கிற டிவி. கேபிள் சொருகின உடனே அந்த பக்கம் இருக்கிற டிவைஸ் "எனக்கு இவ்வளவு தான் முடியும்"னு ஒரு குறிப்பு அனுப்பும், பல டிவி "எனக்கு ரெண்டு ஸ்பீக்கர்"னு தான் சொல்லும், விண்டோஸ் அதை நம்பி கான்ஃபிகர்ல ஸ்டீரியோவ மட்டும் காட்டும். கம்ப்யூட்டர்ல இருந்து டிவிக்கு, டிவில இருந்து ரிசீவருக்குன்னு இணைச்சிருக்கிறவங்க தான் இதுல மாட்டுவாங்க. டிவில இருந்து ரிசீவருக்கு போறது சாதா ஏஆர்சின்னா (டிவி சத்தத்தை ஹெச்டிஎம்ஐ கேபிள்லயே ரிசீவருக்கு அனுப்புற வசதி) அதுலயும் ஆப்டிகல் மாதிரியே ஸ்டீரியோ பிசிஎம் இல்லன்னா சுருக்கின 5.1 தான் எதிர்பார்க்கலாம். அதோட புது வடிவமான இஏஆர்சி ரெண்டு பக்கமும் இருந்தா எட்டு சேனல் பிசிஎம்மே போகும், அப்பவும் டிவி மெனுல இஏஆர்சிய ஆன் பண்ணி, சத்தத்தை பாஸ் த்ரூல (மாத்தாம அப்படியே தள்ளி விடுறது) வச்சு, கம்ப்யூட்டர்ல கேபிளை ஒரு தடவை கழட்டி மாட்டினா தான் புது குறிப்பு வந்து சேரும்.

நேரா ரிசீவருக்கு போயி அங்க இருந்து டிவிக்கு போறது இதை விட நிம்மதி. அதுல இடிக்கிறது படம் தான், ரிசீவர் ஹெச்டிஎம்ஐ 2.0 காலத்துதுன்னா 4கேல 60 ஹெர்ட்ஸோட நின்னுடும், 120 ஹெர்ட்ஸ் வேணும்னா ரிசீவரும் 2.1 ஆ இருக்கணும்.

டிஸ்ப்ளேபோர்ட்ல ஓடுற வேகமான கேமிங் மானிட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு வேற வழி இருக்கு. மானிட்டர் அப்படியே டிஸ்ப்ளேபோர்ட்ல இருக்கட்டும், கிராஃபிக்ஸ் கார்டோட ஹெச்டிஎம்ஐ ஓட்டைல இருந்து தனியா ஒரு கேபிள் ரிசீவருக்கு போகட்டும். படத்தோட வேகத்துக்கு ஒரு குறையும் வராது, சத்தம் முழு பிசிஎம்மா போகும். ஆனா விண்டோஸ் ரிசீவரையும் ஒரு மானிட்டரா நினைச்சுக்கும், டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல இல்லாத ஒரு ஸ்க்ரீன் வந்து நிக்கும், மவுஸ் அங்க போயி காணாம போகும், சில நேரம் கேம் விண்டோவே அங்க போயி திறக்கும். டிஸ்கனெக்ட் பண்ணா படத்தோட சேத்து சத்தமும் போயிடும், ஏன்னா ஹெச்டிஎம்ஐல படம் இல்லாம சத்தம் தனியா போகாது. டூப்ளிகேட் போட்டா ரெண்டு ஸ்க்ரீனுக்கும் ஒத்து வர்ற ரெசல்யூஷனையும் ஹெர்ட்ஸையும் தேடி மெயின் மானிட்டரோட வேகம் குறையலாம். எக்ஸ்டெண்ட்ல வச்சிட்டு, டிஸ்ப்ளே படத்துல அந்த பொய் ஸ்க்ரீனை இழுத்து மெயின் ஸ்க்ரீனோட மூலைல மட்டும் தொடுற மாதிரி குறுக்கா வைக்கிறது தான் நல்ல தீர்வு, மவுஸ் தவறி அந்த பக்கம் போறது ரொம்ப குறைஞ்சிடும். ரிசீவரை ஆன் பண்ணிட்டு தான் கேமை திறக்கணுங்கிறதையும் பழக்கமாக்கிக்கோங்க, ரிசீவர் ஆஃப் ஆனா அந்த சவுண்ட் டிவைஸே விண்டோஸ் லிஸ்ட்ல இருந்து மறையும், கேம் வேற எதையாவது பிடிச்சுக்கும்.

ஹெச்டிஎம்ஐலயும் சத்தம் லேட்டா வந்தா ரிசீவர் மெனுல லிப் சிங்க் டிலே (உதட்டசைவோட ஒத்துப்போக சத்தத்தை தாமதிக்கிறது) ஏதாவது ஏத்தி வச்சிருக்கான்னு பாருங்க, படம் பாக்க வச்சது கேமுக்கு இடைஞ்சலா இருக்கும்.

மூணு ஒயர் அனலாக்

கம்ப்யூட்டருக்குன்னே விக்கிற 5.1 செட் பெரும்பாலும் இதுல தான் வேலை செய்யும், பழசுன்னு யாரும் ஒதுக்க வேண்டாம். என்கோடிங் இல்ல, டிவி குறிப்பு இல்ல, டிலே மிகக் குறைவு. பச்சை முன்னாடி, கறுப்பு பின்னாடி, ஆரஞ்சு சென்டரும் சப்வூஃபரும், 7.1னா சாம்பல் கலர் பக்கவாட்டுக்கு. மதர்போர்டுல மூணே ஓட்டை இருந்தா லைன் இன் நீலமும் மைக் பிங்க்கும் தான் பின்னாடிக்கும் சென்டருக்கும் மாறி வேலை செய்யணும், ரியல்டெக் சாஃப்ட்வேர்ல (பல மதர்போர்டு சவுண்டோட வர்றது) போயி அந்த ஓட்டைக்கு என்ன வேலைன்னு சொல்லி கொடுக்கணும், சொல்லாம சொருகினா அது மைக்னு நினைச்சுட்டு சும்மா இருக்கும். இப்போ வர்ற மதர்போர்டு சிலதுல ரெண்டு ஓட்டை தான் இருக்கு, அவங்க மூணு ஓட்டை உள்ள ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு போட்டுக்கலாம், இது ஒண்ணு தான் கார்டு வாங்குறதுக்கு நான் தயங்காம சரின்னு சொல்ற இடம்.

அனலாக்ல வர்ற தொந்தரவு சின்ன சின்னதா இருக்கும். டயலாக் சப்வூஃபர்ல இருந்து மந்தமா வருதா, சென்டரும் சப்பும் இடம் மாறியிருக்கு, ஒரே ஒயர்ல ரெண்டும் போறதால சில ஸ்பீக்கர் செட் அதை தலைகீழா எடுத்துக்கும், ரியல்டெக்ல அதை மாத்துற ஒரு ஆப்ஷன் இருக்கும். பின்னாடி மட்டும் ஊமையா இருந்தா விண்டோஸ் கான்ஃபிகர்ல 5.1 ரெண்டு விதமா இருக்கிறத பாருங்க, ஒண்ணு பக்கவாட்டு ஸ்பீக்கர், இன்னொண்ணு பின் ஸ்பீக்கர், ஒண்ணுல வரலன்னா மத்ததை போட்டு பாருங்க. கேபினெட் முன்னாடி ஓட்டைல ஹெட்ஃபோன் சொருகியிருந்தா பின்பக்க ஸ்பீக்கர் எல்லாத்தையும் டிரைவரே நிறுத்தி வைக்கும், அதுக்கும் செட்டிங் இருக்கு. கிராஃபிக்ஸ் கார்டு வேலை அதிகமாகும்போது ஸ்பீக்கர்ல கீச்சுன்னு ஒரு இரைச்சல் வந்தா மட்டும் செட்டிங்ல தேடி பிரயோஜனம் இல்ல, மதர்போர்டு சவுண்டை விட்டுட்டு வெளில வைக்கிற யுஎஸ்பி கார்டுக்கு மாறிடுறது நல்லது.

ஹெட்ஃபோன்ல விர்ச்சுவல் சரவுண்ட்

தனியா ஆன்லைன் ஷூட்டர் ஆடறவங்க பல பேருக்கு உண்மையிலயே தேவை இது தான். மனுஷனுக்கு காது ரெண்டு தான், தலை, காது மடலோட வடிவத்தால சத்தம் எப்படி மாறுதுங்கிறதை வச்சு மூளை திசைய கண்டுபிடிக்குது, அந்த மாற்றத்தை கணக்கு போட்டு ரெண்டு சேனல்ல கொடுக்கிற வித்தைக்கு பேரு ஹெச்ஆர்டிஎஃப். விண்டோஸ் சோனிக் விண்டோஸோடவே இலவசமா வருது, 2017ல விண்டோஸ் 10 க்ரியேட்டர்ஸ் அப்டேட்ல வந்தது. ஹெட்ஃபோனுக்கான டால்பி அட்மாஸ், டிடிஎஸ் ஹெட்ஃபோன் எக்ஸ் ரெண்டும் காசு, ட்ரையல் போட்டு பாத்துட்டு முடிவு பண்ணலாம். ஒவ்வொருத்தர் காது வடிவமும் வேற, ஒருத்தருக்கு பின்னாடி துல்லியமா கேக்கிறது இன்னொருத்தருக்கு முன்னாடி கேக்கும், அதனால இதுல எது பெஸ்ட்னு வேற ஒருத்தர் சொல்றத வச்சு வாங்காதீங்க.

இங்க வர்ற பிரச்சனை எல்லாம் பெரும்பாலும் ஒரே வேர்ல இருந்து தான், ஒண்ணுக்கு மேல ஒண்ணு ப்ராசஸ் ஆகுது. கேம் உள்ள ஒரு ஹெச்ஆர்டிஎஃப், விண்டோஸ்ல சோனிக், ஹெட்செட் சாஃப்ட்வேர்ல 7.1னு மூணும் ஆன்ல இருக்கும், மூக்குக்கண்ணாடி மேல இன்னொரு மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி தான், ஃபுட்ஸ்டெப் எல்லாம் குழாய்க்குள்ள நடக்கிற மாதிரி கேக்கும், திசை கலங்கிடும். கவுண்டர் ஸ்ட்ரைக், வாலரன்ட், ஓவர்வாட்ச் மாதிரி கேம்ல ஹெட்ஃபோனுக்கான ப்ராசசிங் கேம் உள்ளயே இருக்கு, அதை ஆன் பண்ணிட்டு வெளில எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, விண்டோஸை ஸ்டீரியோல வைங்க. கேம் உள்ள எங்க எது இருக்குன்னு துல்லியமா தெரிஞ்சது கேமுக்கு தான், அது பண்ற கணக்கு வெளில பண்றதை விட பொதுவா ஒரு படி மேல. கேம்ல அந்த வசதி இல்ல, 5.1 இல்லன்னா 7.1 மிக்ஸ் மட்டும் தான் இருக்குன்னா கேம் மெனுல ஹோம் தியேட்டர்னு வச்சிட்டு வெளில ஏதாவது ஒண்ணே ஒண்ணை ஆன் பண்ணுங்க. யுஎஸ்பி 7.1 ஹெட்செட்டோட சாஃப்ட்வேரை தான் நம்பப்போறீங்கன்னா விண்டோஸ் கான்ஃபிகர்லயும் 7.1 வைக்கணும், இல்லன்னா அதுக்கு போறதே ரெண்டு சேனலா தான் இருக்கும்.

ஒரு காதுக்குள்ள பல சின்ன ஸ்பீக்கர் அடுக்கி "ரியல் 7.1"னு விக்கிற ஹெட்செட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன், காதுக்கு அவ்வளவு கிட்ட இருக்கும்போது அந்த அடுக்கு பெருசா திசைய தராது, அதே காசுல நல்ல ஸ்டீரியோ ஹெட்ஃபோன் கேமுக்கும் பாட்டுக்கும் ஆகும். ப்ளூடூத் ஹெட்செட்டும் போட்டி கேமுக்கு சரிப்படாது, டிலே ஒரு பக்கம், வாய்ஸ் சாட்டுக்காக அதோட மைக்கை ஆன் பண்ணா பல ஹெட்செட் போன் கால் மோடுக்கு மாறி சத்தம் மோனோவா தேஞ்சு போயிடும். கேபிளோ 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோ (யுஎஸ்பில சொருகுற வயர்லெஸ் குச்சி) எடுத்துக்கோங்க. நண்பன் பேச ஆரம்பிச்சதும் கேம் சத்தம் மட்டும் குறையுதுன்னா அது வேற, அதே பழைய சவுண்ட் விண்டோல கம்யூனிகேஷன்ஸ் டேப்ல 80 சதவீதம் குறைன்னு இருக்கும், டூ நத்திங்னு மாத்திடுங்க.

எது யாருக்கு

முடிவு பண்றதுக்கு முன்னாடி ரூமை பாருங்க. 5.1ல பின் ஸ்பீக்கர் ரெண்டும் நேர் முன்னாடில இருந்து 100ல இருந்து 120 டிகிரிக்குள்ள, அதாவது காதுக்கு பக்கவாட்டுல இருந்து கொஞ்சம் பின்தள்ளி இருக்கணும், முன் ஸ்பீக்கர் 30 டிகிரில. டேபிள் மேல மானிட்டருக்கு ரெண்டு பக்கமும் நாலையும் அடுக்கி வைக்கத்தான் இடம் இருக்குன்னா கேபிள் எதுவா இருந்தாலும் பின்னாடி நடக்கிறது பின்னாடி கேக்காது, அந்த காசை ஹெட்ஃபோன்ல போடுங்க. இடம் இருக்கு, ரிசீவர்ல ஹெச்டிஎம்ஐ இருக்குன்னா யோசிக்கவே வேண்டாம், ஹெச்டிஎம்ஐ. மூணு ஒயர் செட் ஏற்கனவே வீட்டுல இருந்தா அனலாக்கே போதும், அதை ஆப்டிகலுக்கு மாத்துறது முன்னேற்றம் கிடையாது. ரிசீவர் பழசு, ஆப்டிகல் மட்டும் தான்னா ரிசீவரை எப்போ மாத்தப்போறீங்கன்னு யோசிங்க, சீக்கிரமே மாத்துற எண்ணம் இருந்தா டால்பி லைவ் கார்டுல காசை போடாதீங்க, ரொம்ப நாள் அதையே தான் வச்சிருக்கப்போறீங்கன்னா கார்டு நியாயமான செலவு.

பழைய கேம் விரும்பி ஆடறவங்களுக்கு ஒரு விஷயம். 2007ல வந்த விண்டோஸ் விஸ்டால டைரக்ட்சவுண்ட் 3டி (பழைய கேம் 3டி சத்தத்துக்கு பயன்படுத்தினது) ஹார்டுவேர்ல ஓடுற வசதிய எடுத்துட்டாங்க, அதுக்கு முன்னாடி வந்த, இஏஎக்ஸ் (எதிரொலி மாதிரி எஃபெக்ட் தர்ற பழைய வசதி) போட்ட கேம் பலது இன்னைக்கு எந்த கேபிள்ல போட்டாலும் ஸ்டீரியோவா தான் வரும், எஃபெக்ட்டும் இருக்காது. அதுக்கு கேம் ஃபோல்டர்ல டிஎஸ்ஓஏஎல் மாதிரி ஒரு ரேப்பர் (பழைய வசதிய புது விண்டோஸுக்கு மாத்தி கொடுக்கிற சின்ன ஃபைல்) போடணும், சவுண்ட் பிளாஸ்டர் கார்டு இருந்தா அதே வேலைய பண்ற ஆல்கெமி. அந்த ஒரு பழைய கேமுக்காக மொத்த செட்டப்பையும் மாத்தாதீங்க.

எந்த வழிக்கு மாறினாலும் கடைசியா கேம் உள்ளேயே ஒரு டெஸ்ட் பண்ணுங்க. அருவி, ரேடியோ, ஓடிட்டு இருக்கிற ஜெனரேட்டர்னு நிக்காம சத்தம் போடுற ஏதாவது ஒண்ணு பக்கத்துல நின்னு கேமராவ மெதுவா ஒரு முழு சுத்து சுத்துங்க. சத்தம் முன் இடது, பின் இடது, பின் வலது, முன் வலதுன்னு ஒவ்வொரு ஸ்பீக்கரா நகர்ந்து வரணும். இடம் வலம்னு மட்டும் தாவி, முதுகு காட்டும்போதும் முன்னாடியே கேட்டா இன்னும் ரெண்டு சேனல் தான் வருது, மறுபடி விண்டோஸ் கான்ஃபிகர்ல இருந்து ஆரம்பிங்க.